பந்தயப் பருவ நிறைவு விழா: ஆண்டுக் கோப்பையை எந்தக் கணக்கில் வழங்குவது?

நீர்த்தேக்கம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னே தள்ளிவைப்பார்கள். மாலை வெளிச்சம் குறைந்துவிடுவதால், எங்களைப் போன்ற சிறு பாய்மரப் படகுக் கழகங்களின் பந்தயப் பருவமும் அத்துடன் முடிவுக்கு வரும். லண்டனுக்கு வெளியே ஒரு நீர்த்தேக்கத்தில் இயங்கும் எங்கள் கழகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் எவரும் இல்லை. பந்தயப் பாதையைக் குறிக்கும் மிதவைகளை இடுவது, பாதுகாப்புப் படகுக்கு எரிபொருள் நிரப்புவது, தேநீர் போடுவது, கழிவறையைச் சுத்தம் செய்வது என எல்லாமே உறுப்பினர்கள் முறைவைத்துச் செய்யும் வேலைகள்தாம்.

பருவம் முடிந்ததும் படகுகளைக் கரையேற்றிவிட்டு, ஒரு சனிக்கிழமை இரவு விருந்தும் பரிசளிப்பும் நடத்துவது இந்நாட்டுக் கழகங்களின் நெடுநாள் வழக்கம். இவ்வாண்டு அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அதனால் இரண்டு விஷயங்களில் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

முதலாவது, ஆண்டுக் கோப்பை. புள்ளிக் கணக்கில் முதலிடத்தில் இருப்பவர் லேசர் என்னும் ஒருவர் ஓட்டும் படகில் தனியாகப் பந்தயம் ஓட்டும் ஒருவர். அவர் நல்ல ஓட்டுநர். அதில் எவருக்கும் ஐயமில்லை. இரண்டாமிடத்தில் இருப்பவர்கள் மிரர் என்னும் இருவர் படகில் வரும் ஒரு தந்தையும் மகளும். இரு படகுகளுக்கும் இடையே உள்ள புள்ளி வேறுபாடு மிகச் சிறியது. குறைந்த புள்ளி பெற்றவருக்கே வெற்றி. அந்தத் தந்தை பந்தய அலுவலராகக் கரையில் நின்ற நாட்களில் அவர்களுடைய படகுக்கு 'வரவில்லை' என்று அதிகப் புள்ளி ஏறியிருக்கிறது. கழகத்துக்காக உழைத்த நாள் அவருக்கு எதிராகவே கணக்கில் நிற்கிறது என்று சிலர் வருந்துகிறார்கள்.

இரண்டாவது, விருந்துக்கு வருவோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகிறது. பரிசு பெறுவோரின் குடும்பங்கள் மட்டும் வருகின்றன. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தவறாமல் வந்து, எப்போதும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே முடித்தவர்கள் அன்று வருவதில்லை. அவர்கள் இல்லாமல் நடத்தும் விழாவைப் பருவ நிறைவு விழா என்று சொல்லவே எனக்கு மனம் வரவில்லை.

கடற்காற்று எழுதியது:

கோப்பைக் கணக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெவ்வேறு வகைப் படகுகள் ஒன்றாக ஓடும்போது, பிரிட்டனின் கழகங்கள் பெரும்பாலும் 'போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக்' என்னும் எண் வரிசையைப் பயன்படுத்துகின்றன. வேகமான படகுக்குச் சிறிய எண்ணும், மெதுவான படகுக்குப் பெரிய எண்ணும் கொடுக்கப்பட்டிருக்கும். எடுத்துக்கொண்ட நேரத்தை 1000-ஆல் பெருக்கி, அந்த எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். லேசரின் எண் ஏறத்தாழ 1100; மிரரின் எண் ஏறத்தாழ 1390. லேசர் 55 நிமிடத்தில் முடித்தால் அதன் திருத்திய நேரம் சரியாக 50 நிமிடம். மிரர் 70 நிமிடத்தில் முடித்தால் 50 நிமிடம் 22 நொடி வரும், அது தோற்றுவிடும். அதே மிரர் 69 நிமிடத்தில் முடித்திருந்தால் 49 நிமிடம் 38 நொடி, அது வென்றுவிடும். கண்ணெதிரே கால் மணி நேரம் முன்னதாக முடித்த படகுக்கும் பின்னால் வந்த படகுக்கும் இடையிலான உண்மையான போட்டி, மிதவையைச் சுற்றும்போது வீணாகும் சில நொடிகளில்தான் இருக்கிறது.

இனி புள்ளிகள். முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும்; கூட்டுத்தொகை குறைவாக இருப்பவரே வெற்றியாளர். நீண்ட தொடர்களில் ஒவ்வொருவரின் மோசமான முடிவுகள் சிலவற்றைக் கழித்துவிடுவார்கள். பந்தயத்துக்கே வராத படகுக்கு, தொடரில் பதிவு செய்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிய புள்ளி ஏறும். முப்பது படகுகள் பதிவு செய்திருந்தால் வராத ஒரு நாளுக்கு 31 புள்ளி. உங்கள் மிரர் குடும்பத்தைப் பாதித்தது இதுதான்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. பணிமுறையில் நின்ற நாளுக்கு அந்தப் படகின் மற்றப் பந்தயங்களின் சராசரிப் புள்ளியைக் கொடுப்பது பல கழகங்களில் உள்ள ஏற்பாடு. கழகத்தின் பந்தய அறிவுறுத்தல்களில் அதை எழுதி வைத்திருக்க வேண்டும்; அவ்வளவுதான். உங்கள் அறிவுறுத்தல்களில் அது இருக்கிறதா என்று தயவுசெய்து பாருங்கள். இல்லையென்றால், எவ்வளவு வருத்தமாக இருந்தாலும், இவ்வாண்டுக் கோப்பை லேசர் ஓட்டியவருக்கே உரியது. எல்லாப் பந்தயங்களும் முடிந்த பிறகு கணக்கு முறையை மாற்றுவது, எந்த நல்ல நோக்கத்துக்காகச் செய்தாலும், நியாயமாகாது.

சுக்கான் எழுதியது:

கடற்காற்று அண்ணா சொன்னதன் கடைசிப் பகுதியோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால், படகின் எண்ணைக் கொண்டு நேரத்தைத் திருத்தும் 'ஹேண்டிகேப்' கணக்கே முழு நியாயம் என்பது போன்ற தொனி அதில் இருக்கிறது. அதை மறுக்க விரும்புகிறேன்.

நானும் லேசர் ஓட்டுபவன். 4.23 மீட்டர் நீளமுள்ள ஒரே அச்சான படகுகள், ஒரே அளவுப் பாய், ஒரே நேரத்தில் தொடக்கம். யார் முதலில் கோட்டைக் கடக்கிறாரோ அவரே முதல்வர். இதில் வாதத்துக்கு இடமே இல்லை. கலப்புப் பந்தயத்தில் நிலைமை அப்படியில்லை. பந்தயத்தின் பின்பாதியில் காற்று செத்துவிட்டால், வேகமான படகுகள் ஏற்கெனவே கரையேறியிருக்கும். மெதுவான படகுகள் நடுநீரில் நின்று தவிக்கும். பின்பாதியில் காற்று வலுத்தால் மெதுவான படகுகளுக்கு அந்தக் காற்று இலவசமாகக் கிடைக்கும். தொடக்கக் கோட்டில் பெரிய பாய்களின் மறைவில் சிக்கிக்கொள்ளும் சிறு படகுக்குக் கிடைப்பது கலங்கிய காற்று மட்டுமே. எந்த எண்ணும் இவற்றைச் சரிசெய்ய முடியாது. அந்த எண்கள் பல கழகங்களின் பல பந்தயங்களிலிருந்து பெறப்பட்ட சராசரிகள்தாம்.

ஆகவே ஒரே வகைப் படகுகளுக்குத் தனிப் பரிசு கட்டாயம் இருக்க வேண்டும். நன்றாக ஓட்டுபவரைப் பாராட்டுவதற்குக் கழகம் தயங்கக் கூடாது. வேகத்துக்காகவும் துல்லியத்துக்காகவும் ஆண்டு முழுவதும் உழைத்தவரை நிறுத்தி, 'இவர் பணிமுறையில் நிற்கவில்லை' என்று விருந்தில் பேச்சு எழுந்தால் அது அவருக்குச் செய்யும் அவமதிப்பு. அவரைப் பணிமுறையில் போட்டார்களா என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

அலைவரி எழுதியது:

எங்கள் கழகத்தில் நான் பாதுகாப்புப் படகு ஓட்டுகிறேன். என் மகன் ஆப்டிமிஸ்ட் படகில் பழகுகிறான். அந்தப் படகைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: 1947-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் குழந்தைகளுக்காக வடிவமைத்த, இரண்டே கால் மீட்டரைச் சற்றே தாண்டிய, முன்பக்கம் மழுங்கிய சிறு படகு அது. அது கவிழ்ந்தால் நிமிர்த்திய பிறகும் உள்ளே தண்ணீர் நிறைந்திருக்கும். குழந்தை ஒரு வாளியால் அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் போய், இயந்திரத்தை அணைத்துவிட்டு, 'இன்னும் கொஞ்சம்தான், இறைத்துவிடு' என்று சொல்லி நிற்பதுதான் என் வேலை. குழந்தை தானே இறைத்து முடித்தால் பந்தயத்தைத் தொடரலாம். நான் வாளியை வாங்கினால் அதன் பந்தயம் அங்கேயே முடிந்துவிடும். எனவே கை நீளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பருவ நிறைவு விழாவில் எதைக் கொண்டாடுவது என்னும் கேள்விக்கு, பந்தய விதிநூலே விடை வைத்திருக்கிறது என்பது என் கருத்து. அதன் முதல் விதி வெல்வதைப் பற்றியதன்று; ஆபத்தில் இருக்கும் எவருக்கும், எந்தப் படகுக்கும், இயன்ற உதவி அனைத்தையும் செய்ய வேண்டும் என்பதே அது. உதவி செய்ததால் இடத்தை இழந்தவர் ஈடு கேட்கவும் விதிகளில் வழியிருக்கிறது.

1988 சியோல் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயங்கள் புசான் கடலில் நடந்தன. ஒருவர் ஓட்டும் ஃபின் வகைப் படகுகளின் பந்தயம் ஒன்றில் கனடாவின் லாரன்ஸ் லெமியூ இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்தார். காற்று திடீரென்று கடுமையாக, வேறொரு பந்தயத்தில் இருந்த சிங்கப்பூர்ப் படகு கவிழ்ந்து அதன் வீரர்கள் இருவரும் நீரில் தத்தளித்தனர். லெமியூ தன் பாதையை விட்டு விலகிச் சென்று இருவரையும் மீட்டு, காவல் படகிடம் ஒப்படைத்துவிட்டே பந்தயத்துக்குத் திரும்பினார். நடுவர் குழு அவர் விலகியபோது இருந்த இரண்டாம் இடத்தை அந்தப் பந்தயத்துக்கு அவருக்கே வழங்கியது. ஒட்டுமொத்தத்தில் அவர் 11-ஆம் இடத்தில் முடித்தார். பதக்க வரிசையில் அவர் இல்லை. ஆனால் விளையாட்டுப் பண்பைப் போற்றும் பியர் தெ குபெர்தான் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. அந்த ஃபின் போட்டியில் தங்கம் வென்றவரின் பெயரைவிட அவர் பெயரைத்தான் உலகெங்கும் படகோட்டக் கற்பிப்பவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்.

நீர்த்தேக்கம் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பந்தய அலுவலர்களும் பாதுகாப்புப் படகில் நின்றவர்களும் விருந்தின் முடிவில் ஒரே வரியில் நன்றி சொல்லப்படுபவர்களாக இருக்க வேண்டாம். பரிசளிப்பு அவர்களிலிருந்து தொடங்கட்டும். அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாள் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

துறைமுகத்தான் எழுதியது:

சென்னையிலிருந்து எழுதுகிறேன். இங்கே 1911-இல், துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் துறைமுகத்துக்குள்ளேயே இயங்குகிறது. (கணித மேதை இராமானுஜன் 1912-இல் எழுத்தராக வேலையில் சேர்ந்ததும் இதே ஸ்பிரிங்கின் அலுவலகத்தில்தான்.) எங்களுக்குக் கடிகார மாற்றம் கிடையாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்துப் புயல்களும் கடலின் கொந்தளிப்பும்தான் எப்போது கரையில் இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

சகோதரி அலைவரி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் ஊரில் படகுகளை இறக்கி ஏற்றவும், பாய்களை அலசி உலர்த்தவும் பணியாளர்கள் இருப்பார்கள். அவர்களில் மீனவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களின் கடலறிவு, பந்தயம் ஓட்டும் பலரிடம் இல்லாதது. எந்தப் பக்கம் காற்று திரும்பும் என்று தொடக்கத்துக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். பருவ நிறைவு விழாவில் அவர்கள் பரிமாறுபவர்களாக மட்டும் இருப்பதை நான் ஏற்பதில்லை. அவர்கள் குடும்பத்தோடு விருந்தினராக வந்து அமர வேண்டும். நேத்ரா குமணன் 2021-இல் ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். அவர் சென்னையில் ஒரு கோடை முகாமில்தான் பாய்மரம் பழகத் தொடங்கினார். கரையில் படகைத் தயார் செய்யும் ஆட்கள் இல்லாமல் அப்படிப்பட்ட முகாம் ஒன்றுகூட நடக்காது.

பாக்குநீரிணை எழுதியது:

என் ஊர் தொண்டிக்குப் பக்கம். எங்கள் கரையில் திருவிழாக்களை ஒட்டி மீனவர்களின் பாய்மரப் படகுப் போட்டி நடப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன். இப்போது படகுகள் எல்லாம் இயந்திரத்தில் ஓடினாலும், போட்டிக்காகப் பாயை எடுத்துக் கட்டுவார்கள். காற்று அழுத்தும்போது ஆட்கள் படகுக்கு வெளியே நீட்டிய பலகையில் ஏறிச் சமநிலை பிடிப்பார்கள். பாயை இழுத்துக் கட்டுப்படுத்தும் தாமான் கயிற்றைப் பிடித்திருப்பவர் ஒரு கணம் தவறினால் படகு சாய்ந்துவிடும்.

கணக்கு முறைகளைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் விருந்துக்கு ஏன் ஆட்கள் வருவதில்லை என்னும் கேள்விக்கு என் கரையிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. எங்கள் ஊரில் போட்டியும் கொண்டாட்டமும் ஒரே நாள், ஒரே இடம். படகுகள் திரும்பி வருவதைப் பெண்கள், முதியவர்கள், பிள்ளைகள் என ஊரே கரையில் நின்று பார்க்கும். யார் முன்னால் வருகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். பரிசு அங்கேயே, ஈர உடம்போடு நிற்பவர்களின் கையில் கொடுக்கப்படும். நீங்களோ போட்டியை முடித்து, கணினியில் கணக்குப் போட்டு, சில வாரம் கழித்து, வேறு உடையில், வேறு மண்டபத்தில் கூடச் சொல்கிறீர்கள். பந்தயத்தைப் பார்க்காத குடும்பத்தாருக்கு அந்தப் பெயர்ப் பட்டியலில் என்ன இருக்கிறது? கடைசிப் பந்தயத்தையே விழாவாக ஆக்க முடியாதா? கரையில் நிற்பவர்களுக்கும் யார் முந்துகிறார் என்று தெரியும்படி ஒரு பந்தயத்தை உங்கள் விதிகளில் அமைக்க வழியில்லையா?

கடற்காற்று எழுதியது:

பாக்குநீரிணை அவர்களே, வழி இருக்கிறது. நீங்கள் கேட்டது அப்படியே எங்கள் பக்கத்தில் வழக்கத்தில் உள்ள துரத்தல் பந்தயம்தான்.

அதில் திருத்திய நேரம் என்பதே கிடையாது. ஹேண்டிகேப் முழுவதையும் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவார்கள். மெதுவான படகு முதலில் புறப்படும். வேகமானவை தத்தம் எண்ணுக்கு ஏற்பத் தாமதமாகப் புறப்படும். குறித்த நேரம் முடியும்போது யார் முன்னால் இருக்கிறாரோ அவரே வெற்றியாளர். ஒரு மணி நேரப் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். மிரர் முதலில் புறப்பட்டால், லேசர் ஏறத்தாழ பன்னிரண்டரை நிமிடம் கழித்துப் புறப்பட வேண்டும். அறுபதை எடுத்துக்கொண்டு, 1100-ஐ 1390-ஆல் வகுத்து வரும் பின்னத்தால் பெருக்கினால் நாற்பத்தேழரை வரும்; மீதிதான் காத்திருக்கும் நேரம்.

கரையில் நிற்பவருக்கு இதைவிடச் சிறந்த காட்சி கிடையாது. மகளும் தந்தையும் முன்னால் போய்க்கொண்டிருப்பார்கள்; பின்னாலிருந்து ஒவ்வொரு படகாக நெருங்கி வரும். கடைசிப் பத்து நிமிடங்களில் முன்னணிப் படகுகள் பலவும் ஒரே மிதவையில் நெருங்கிச் சுற்றும். ஆண்டு முழுவதும் பட்டியலில் கீழே இருந்த குழந்தைக்கும் ஒரு நாளாவது முன்னால் ஓடும் அனுபவம் கிடைக்கும். மற்றவர்கள் தன்னைத் துரத்துவதை அது உணரட்டும்.

சுக்கான் எழுதியது:

இந்த யோசனையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரே ஒரு நடைமுறை எச்சரிக்கை. நேரம் முடியும் அந்தக் கணத்தில் படகுகள் நீர்த்தேக்கம் முழுவதும் பரவியிருக்கும். முன்னாலிருந்து ஒரு படகும் பின்னாலிருந்து ஒரு படகுமாக இரண்டு குழுக்கள் பாய் எண்களைக் குறித்துக்கொண்டு நடுவில் சந்திக்க வேண்டும். ஒரே குழுவை வைத்துச் செய்தால் முடிவில் தகராறு வரும். மேலும், கடைசி மிதவையில் நெரிசல் உறுதி. வலப்பக்கக் காற்றில் வரும் படகுக்கு இடப்பக்கக் காற்றில் வருவது வழிவிட வேண்டும் என்பதையும், மிதவை அருகே உள்பக்கம் இருக்கும் படகுக்கு இடம் விடுவதையும் புதியவர்களுக்குத் தொடக்கத்துக்கு முன் நினைவூட்டுங்கள்.

நீர்த்தேக்கம் எழுதியது:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை குழு கூடியது. இங்கே நீங்கள் எழுதியவற்றில் பெரும்பகுதியை எடுத்துச் சென்று பேசினேன். எங்கள் பந்தய அறிவுறுத்தல்களைத் தேடி எடுத்துப் பார்த்தோம். பணிமுறைச் சராசரி பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. எனவே ஆண்டுக் கோப்பை லேசர் ஓட்டியவருக்கே வழங்கப்படும். மிரர் படகின் தந்தையிடம் நானே நேரில் சொன்னேன். 'அவர் நன்றாக ஓட்டினார், அவருக்கே உரியது' என்று அவர் தயங்காமல் சொன்னார். லேசர் ஓட்டியவரின் பெயர் பணிப் பட்டியலில் ஏறவே இல்லை என்பதும் தெரியவந்தது. சுக்கான் தம்பி கேட்ட கேள்வி சரியானதாகவே இருந்தது. அடுத்த பருவத்தின் முதல் பணிமுறையைத் தாமே எடுத்துக்கொள்வதாக லேசர் ஓட்டியவர் எழுதியிருக்கிறார்.

விருந்தை மண்டபத்திலிருந்து கரைக்கு மாற்றிவிட்டோம். கடைசி ஞாயிறு காலையில் வழக்கமான பந்தயம் கிடையாது. துரத்தல் பந்தயம் மட்டுமே நடக்கும். ஆப்டிமிஸ்டில் உள்ள பிள்ளைகளுக்கு மட்டும் சுற்று சிறியதாக இருக்கும். புறப்படும் கோடு கழகக் கட்டடத்தின் படிகளுக்கு நேர் எதிரே அமையும். அதன்பின் படகுகளைக் கரையேற்றி, அடைப்பான்களைத் திறந்து தண்ணீரை வடித்து, பாய்மரங்களை இறக்கி, பாய்களை நன்னீரில் அலசிக் காயவைக்கும் வேலையை அனைவரும் சேர்ந்து செய்வோம். சூப்பும் ரொட்டியும் அந்த வேலையின் நடுவிலேயே பரிமாறப்படும். எங்கள் வீட்டிலிருந்து ஓர் அண்டா சாம்பார் சாதம் போகிறது. சென்ற ஆண்டு கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வெளிச்சம் மங்குவதற்கு முன் பரிசளிப்பு. அலைவரி அக்கா சொன்னபடி, அது பாதுகாப்புப் படகுக் குழுவினரிலிருந்து தொடங்கும். ஜூன் மாதத்துப் புயற்காற்று ஒன்றில் ஒரே நேரத்தில் கவிழ்ந்த படகுகளை அவர்கள் எந்த வரிசையில், ஏன் அந்த வரிசையில் அணுகினார்கள் என்பதைக் குழுத் தலைவரே எழுந்து விவரிக்கப்போகிறார். குழந்தைகள் இருந்த படகுக்கு முதலில் போனது எல்லாருக்கும் தெரியும். கயிற்றில் கால் சிக்கிய ஒருவரை அவர்கள் கண்டுபிடித்தது பலருக்கும் தெரியாது.

தொடரின் எல்லாப் பந்தயங்களுக்கும் வந்தவர்களைத் தனித்தனியே பெயர் சொல்லி அழைப்பதென்றும் முடிவு செய்தோம். அவர்களில் ஒருவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. இவ்வாண்டு ஒரு பந்தயத்தில்கூட அவர் முதல் பத்து இடத்துக்குள் வரவில்லை.

அலைவரி எழுதியது:

படித்ததும் மனம் நிறைந்தது. அந்தப் பெரியவரைத் துரத்தல் பந்தயத்தில் அவருடைய எண்ணுக்குரிய நேரத்திலேயே புறப்படவிடுங்கள். வயதுக்காகக் கூடுதல் சலுகை கொடுத்தால் அவர் ஏற்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

கடற்காற்று எழுதியது:

நீர்த்தேக்கம் தம்பிக்கு மிக்க மகிழ்ச்சி. ஒரு வேலை பாக்கியிருக்கிறது; விழா முடிந்த சூட்டோடு அதைச் செய்துவிடுங்கள். பணிமுறை நாளுக்குச் சராசரிப் புள்ளி என்னும் விதியை எழுத்தில் கொண்டுவந்து, ஏப்ரலின் முதல் பந்தயத்துக்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு தொடரில் ஒரு படகு எத்தனை முறை அந்தச் சராசரியைக் கோரலாம் என்ற வரம்பும் அதில் இருக்கட்டும். வரம்பு இல்லையென்றால், தொடக்கத்தில் நன்றாக ஓட்டிவிட்டுப் பின்னர் பணிமுறையிலேயே நின்று சராசரியைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு ஏற்படும். பந்தயத்துக்கு வந்து முடிக்க முடியாமல் போனவருக்கும் வராதவருக்கும் வெவ்வேறு புள்ளி கொடுக்க விதிநூலின் பின்னிணைப்பு 'ஏ' இடமளிக்கிறது. வந்தவருக்கு, அன்று தொடக்கப் பகுதிக்கு வந்த படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று மட்டுமே கூடும். அதையும் சேர்த்துக்கொண்டால், காற்று பலமாக வீசும் நாளில் முயன்று பார்த்துத் திரும்பும் புதியவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும். வரைவை இங்கே பதியுங்கள். வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.